கரை மின்சாரம்

அண்ணரின் வாகனத்தில், அடுப்புக்கு மேலே கதவை ஒட்டி, ஒரு சின்னத் திரை இருக்கிறது. அதில் ஒரு பற்றறியின் படம். படத்துக்குள் ஓர் எண். நான் ஏறிய நாளிலிருந்து அந்த எண் 100 ஆகவே இருந்தது. காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும்போது 100. இரவு படுக்கும்போது 100. அண்ணர் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துத் தலையசைப்பார். சுவாமிப் படத்தைப் பார்த்து அசைப்பதுபோல என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அறுபத்திரண்டு வயதில் அவர் முதன்முதலாகத் தனக்கென்று வாங்கிய பொருள் அந்த வாகனம். அதற்கு முன் வாங்கியவையெல்லாம் எங்களுக்கு.

இது 2023 ஜூன் மாதம் நடந்தது. அண்ணர் 1985இல் நோர்வேக்குப் போனவர். அக்காலத்தில் போன பலரைப்போல அங்குள்ள மக்கள் உயர்பள்ளி ஒன்றுக்கு மாணவராகப் போய், பிறகு வடகோடியில் ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலையொன்றில் சேர்ந்தார். பதினொரு வருஷம் கொட் மீனுக்கு முள்ளெடுத்தார். பின்னர் ஒஸ்லோ. இப்போது ஓய்வூதியம். எனக்கு விசா கிடைத்ததும், தான் வேலைசெய்த கரையை எனக்குக் காட்டவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சுவீடனுக்குள்ளாலும் பின்லாந்துக்குள்ளாலும் நான்கு நாள் ஓடினோம்.

நோர்வேக்காரர் இவ்வகை வாகனத்தைப் ‘பூபீல்’ என்கிறார்கள். ‘பூ’ என்றால் வசிப்பது, ‘பீல்’ என்றால் கார். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிவறை எல்லாம் ஒரு சிற்றூர்தியின் நீளத்துக்குள். இவை எல்லாவற்றுக்கும் உயிர் கொடுப்பவை இருக்கைக்குக் கீழேயுள்ள இரண்டு பற்றறிகள். ஒவ்வொன்றும் 12 வோல்ற், 95 ஆம்பியர் மணி, பக்கம்பக்கமாக இணைத்தவை. அவற்றுக்கு மூன்று வழியால் மின்சாரம் வரும். ஓடும்போது இயந்திரத்திலிருந்து. கூரையிலுள்ள இரண்டு தகடுகள் வழியாகச் சூரியனிலிருந்து. தகடொன்றுக்கு 100 வாற். மூன்றாவது, முகாமிடங்களிலும் துறைமுகங்களிலும் நட்டிருக்கும் கம்பங்களிலிருந்து நீலநிறச் செருகியால் எடுப்பது. இந்த மூன்றாவதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘லாண்ட்ஸ்த்ரோம்’. அண்ணர் ஒரு நாளும் மொழிபெயர்த்துப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன்: தரை மின்சாரம், கரை மின்சாரம். கப்பல்காரரின் சொல். துறையில் கட்டிய கப்பல் தன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கம்பி இழுத்துக்கொள்கிறது. அந்தச் சொல் அப்படியே தரைக்கு ஏறி, ஒரு நாளும் கடலைக் காணாத வாகனங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

வழியில் ஒவ்வொரு இரவும் கரைக்கம்பி பொருத்தித்தான் படுத்தோம். ஐந்தாம் நாள், வரங்கர் ஃபியோர்ட்டின் கரையில் ஓர் ஒதுக்கிடத்தில் நிறுத்தினோம். கம்பம் இல்லை, வேறு வாகனமும் இல்லை. கல்லும் கடலும் மூடுபனியும். அண்ணர் திரையைப் பார்த்தார்: 100. ‘ரெண்டு நாள் தாராளமாய்க் காணும்’ என்றார். மீன்குழம்பை ஆறவைத்துக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தேன். அங்கே ஜூன் மாதத்தில் இரவு இல்லை. பனிக்குள்ளால் வெள்ளையாக ஒரு வெளிச்சம் மட்டும். பதினொரு மணியளவில் குளிர்ப்பெட்டி மூன்று தரம் கீச்சிட்டு நின்றது. பிறகு ஹீற்றரின் விசிறி நின்றது. திரையில் எண்ணே இல்லை.

அண்ணர் எழும்பி இருக்கைப் பலகையைத் தூக்கி, உள்ளே கைவிட்டுத் தடவிக்கொண்டு நெடுநேரம் குந்தியிருந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்தது வெட்கம். விருந்துக்கு அழைத்த இடத்தில் சோறு போதாமற்போனவரின் முகம்.

எனக்கு அது ஒன்றும் புதிதல்ல. ‘விடுங்கோ அண்ணை, இருட்டாவே கிடக்கு?’ என்றேன். உண்மையில் அந்த வாகனத்தில் ஏறிய பிறகு முதன்முறையாக எனக்குப் பழக்கமான ஓர் இடத்துக்கு வந்ததுபோல் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அத்தோடு தேசிய மின்வழியிலிருந்து நாங்கள் அறுந்துபோனோம். மறுபடி அந்த வழியோடு இணைந்தது 2013இல். இடையில் உள்ளூர் இயந்திரங்களால் கொஞ்சம் வந்தது, போனது. ஆனால் முதல் ஐந்து வருஷம் இருட்டு, சுத்தமான இருட்டு. எரிபொருளுக்குத் தடை. பற்றறிக்கும் தடை; சின்ன ரோர்ச் பற்றறிகூடத் தடைப்பொருள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சைத் திணித்து அரைக் கரண்டி மண்ணெண்ணெய் விட்டு, மூடியில் துளைபோட்டுத் திரி ஏற்றினால் ஓர் இரவு போகும். அந்த வருஷங்களில் நான் எழுதியவை எதுவும் ஒரு பக்கத்தைத் தாண்டியதில்லை. பிற்காலத்தில் ஒருவர் அவற்றின் ‘இறுக்கம்’ பற்றி எழுதினார். இறுக்கம் அல்ல, மண்ணெண்ணெய்.

றேடியோவுக்குச் சைக்கிள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுழற்றினால் டைனமோவிலிருந்து மின்சாரம் வரும். டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடுவது; றேடியோவுக்கு அது ஆகாது. நடுவில் நான்கு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வைத்துக் கட்டினேன். இரவு ஒன்பதேகாலுக்கு லண்டன் தமிழோசை. வேகம் கூடினால் குரல் முறுகும், குறைந்தால் மூழ்கும். ஒரே சீராகச் சுற்றவேண்டும். அப்பா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். செய்தி முடியுமுன்னே என் கை களைத்துப்போவது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். ‘காணும் தம்பி, விடு’ என்பார். முடிவுச் செய்தியை அவர் கேட்ட இரவுகள் குறைவு.

அங்கே ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது. எவ்வளவு இருக்கிறது என்பதில் யாருக்கும் மயக்கம் இல்லை. போத்தலைத் தூக்கினால் எண்ணெய் தெரியும். கை நின்றால் குரல் நின்றது. 100 என்று எதுவும் எங்களிடம் சொல்லவில்லை.

மறுநாள் வார்டோவுக்குப் போனோம். நோர்வேயின் கிழக்குக் கோடியில், ஒரு தீவில் உள்ள ஊர். கடலுக்கு அடியில் செல்லும் சுரங்கவழியால் போகவேண்டும். துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு நட்டிருந்த அதே கம்ப வரிசையில் எங்களுக்கும் ஒரு துளை கிடைத்தது. நீலச் செருகியைச் செருகியதும் திரையில் உடனே எண் வந்தது. இரண்டு மணித்தியாலத்தில் 100.

‘உது பொய் காட்டுது’ என்றார் அண்ணர். இரண்டு வருஷம் தலையசைத்த எண்ணை அவர் முதன்முறையாகச் சந்தேகித்தார்.

அன்று முழுக்க அவர் எனக்குப் பாடம் நடத்தினார். வாகனம் வாங்கியபோது படித்தவை எல்லாம் அவருக்கு நினைவிருந்தன. தன் வாகனத்தில் பொருத்திப் பார்க்கத்தான் மறந்திருந்தார். பற்றறி தண்ணீர்த்தொட்டி அல்ல. மூடியைத் திறந்து அரைவாசி இருக்கிறது என்று சொல்ல முடியாது. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும். நிரம்பிய அறை ஏறக்குறைய 2.1 வோல்ற் காட்டும். 1859இல் பிரான்ஸில் கஸ்தோன் பிளாந்தே செய்து காட்டிய ஏற்பாடு. அடிப்படை இன்னும் மாறவில்லை. வெளியிலிருந்து நாம் காணக்கூடியது வோல்ற் ஒன்றுதான். அதைக்கொண்டு உள்ளிருப்பை ஊகிக்கவேண்டும். ஓய்ந்திருக்கும் பற்றறி 12.7 காட்டினால் நிரம்பியது. 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் முடிந்தது என்றே கொள்ளலாம். ஒரு வோல்ற்கூட இல்லாத அந்த இடைவெளிக்குள்தான் அதன் முழு வாழ்வும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். வெறுமையாக விட்டுவைத்தால் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். அப்படி இறுகிய பற்றறிக்குச் சார்ஜ் கொடுத்தால் வோல்ற் சட்டென்று மேலே ஏறும். சார்ஜர் நிரம்பிவிட்டதென்று நினைத்துக் கையை எடுத்துவிடும். உள்ளே ஒன்றும் போயிராது.

கரைக்கம்பி பொருத்தியிருக்கும்போது இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. சார்ஜர் முதலில் 14.4 வரை உயர்த்திப் பிடிக்கும். பற்றறி வாங்குவது குறைந்ததும் 13.6க்கு இறங்கி அங்கேயே தாங்கிக்கொண்டு நிற்கும். அப்போது திரை படிப்பது பற்றறியின் வோல்ற் அல்ல, சார்ஜரின் வோல்ற். நிரம்பிய பற்றறிக்கும் 13.6. செத்த பற்றறிக்கும் கிட்டத்தட்ட அதே 13.6.

இன்னொன்றும் சொன்னார். கம்பியில் நிற்கும்போது கூரைத் தகடு அநேகமாகச் சும்மா கிடக்கிறது. கம்பி ஏற்கெனவே வோல்ற்றைத் தூக்கிவைத்திருப்பதால், தகட்டின் கட்டுப்படுத்தி பற்றறி நிரம்பியதென்று எண்ணி ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டு மூலங்களில் எது உயரத்தில் நிற்கிறதோ அதுதான் கொடுக்கும். மற்றது பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே, தெரிந்தவர்கள் வெயில் நாளில் கம்பியைப் பொருத்தினாலும் சார்ஜரை அணைத்துவைப்பார்களாம். அல்லது விடியுமுன் பற்றறியை முழுதாக நிரப்பாமல் கொஞ்சம் குறைய விடுவார்களாம். ‘வெயிலுக்கு இடம் விடவேணும், தம்பி. நிரம்பினதுக்கு வெயில் வந்தென்ன, விட்டென்ன.’

சரியாக அளக்க ஒரே வழி எல்லாவற்றையும் கழற்றுவது. கரைக்கம்பியை இழுக்கவேண்டும். பாவனையை முழுவதும் நிறுத்தவேண்டும். இரண்டு பற்றறிகளையும் ஒன்றிலிருந்தொன்று பிரிக்கவேண்டும். இணைந்திருக்கும்வரை ஒன்றின் நோயை மற்றது மறைத்துக்கொண்டிருக்கும். பிறகு ஆறு மணித்தியாலம் எதுவும் கொடுக்காமல், எதுவும் எடுக்காமல் விடவேண்டும். சார்ஜ் ஏறிய பரபரப்பு அடங்கி, தன் சொந்த நிலைக்கு அது இறங்கும்.

எங்கள் ஊரென்றால் பொழுதுபட்டதும் வெயில் தானாக விலகும். அங்கே அதுவும் இல்லை. இரவு ஒன்பது மணிக்குப் பனி விலகி, துறைமுகத்துக்கு அப்பால் சூரியன் மஞ்சளாக நின்றது. அது நள்ளிரவில் வடக்கே கடலுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு இறங்கி, மறையாமலே மறுபடி ஏறும். அந்தச் சாய்ந்த வெளிச்சத்துக்கும் தகடு அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைய அனுப்பிக்கொண்டேயிருந்தது. ஆகவே சூரியனையும் கழற்றினோம். அதற்கும் ஒரு முறை உண்டு: முதலில் தகட்டின் கம்பி, பிறகுதான் பற்றறியின் கம்பி. பற்றறி இல்லாமல் தகட்டை எதிர்கொண்டால் கட்டுப்படுத்தி கெட்டுவிடலாம். குளிர்ப்பெட்டியில் இருந்தவற்றைப் பெட்டியொன்றில் அடுக்கி வெளியே வைத்தோம். வெளியே ஐந்து பாகை, குளிர்ப்பெட்டியே தேவையில்லை. ஹீற்றரும் இல்லை. ஆளுக்கு இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு எதிரெதிரே இருந்தோம், விடியாத ஒரு பகலில், மூன்று மணி ஆவதற்காக.

அப்படி இருக்கையில்தான் அண்ணர் கேட்டார்.

‘அப்பா எப்பிடிப் போனவர்?’

‘எழுதினேனே.’

‘நித்திரையிலை போனவர் எண்டு எழுதினனி. தெரியும். அது கடிதம்.’

அப்பா 1993 மாசியில் செத்தார். என் கடிதம் கொழும்புக்குப் போன ஒருவர் கையில் போய், அங்கிருந்து தபாலில் சேர்ந்து, அண்ணர் கைக்குக் கிடைத்தபோது அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அந்தக் கடிதத்தில் மூன்று வசனங்கள். நித்திரையிலேயே போனார், வேதனை ஒன்றும் இல்லை, நாங்கள் சுகம். அதற்கு முன்னும் பின்னும் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் கடைசி வசனம் ஒன்றுதான். மாதாமாதம் அவருடைய காசு உண்டியலில் வந்தது. மாதாமாதம் நாங்கள் சுகம் என்று எழுதினோம். காசு வரும்போது வேறெதை எழுதுவது?

முப்பது வருஷத்துக்குப் பிறகு அன்று சொன்னேன். அப்பாவுக்கு முட்டு. மூன்று இரவு படுக்கவில்லை, குந்தியிருந்தே இழுத்தார். உறிஞ்சும் மருந்து முடிந்துபோயிருந்தது. கடைகளில் இல்லை. மெத்தைக்குக் கீழே அண்ணரின் காசு இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன், இருந்தது. கார் வைத்திருந்தவர்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடினார்கள், முடுக்க மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். அன்றிரவு அந்தச் சொட்டும் எங்கள் ஒழுங்கையில் யாரிடமும் இல்லை. மூன்றாம் இரவு நாலு மணிக்கு அப்பாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, என் இடுப்போடு சேர்த்து அம்மாவின் சேலையால் கட்டிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் புறப்பட்டேன். அம்மா பின்னால் ஓடிவந்தா. டைனமோவைச் சில்லோடு பொருத்தவில்லை. பொருத்தினால் வெளிச்சம் வரும், ஆனால் உழக்கப் பாரம் கூடும். இருட்டிலேயே உழக்கினேன். பாதி வழியில் என் முதுகோடு சாய்ந்திருந்த தலை கொஞ்சம் நிமிர்ந்து, ‘காணும் தம்பி’ என்றது. றேடியோவுக்குச் சொல்லும் அதே குரல். நான் நிறுத்தவில்லை. அவரோடு ஆசுபத்திரி வாசல்வரைக்கும் போனேன். எந்த இடத்தில் அவர் இல்லாமற்போனார் என்று எனக்குத் தெரியாது.

அண்ணர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். படகொன்று வந்து கட்டியது. ஒருவன் குதித்து இறங்கி, கம்பத்தில் கம்பியைச் செருகிவிட்டுப் போனான்.

‘அந்தக் காசு’ என்றார் அண்ணர், ‘மெத்தைக்குக் கீழை கிடந்தது எண்டாயே. அது கடன் காசு.’

1992 மாரியில் ஆலையில் மீன் குறைந்து அவரை நிறுத்திவைத்தார்களாம். மூன்று மாதம் வேலை இல்லை. சூரியனே எழாத மாதங்கள். ஓர் அறையில் ஐந்து பேர். அப்போது எங்களுக்கு வந்த கடிதங்கள் நினைவிருக்கின்றன. கந்தோர் வேலைக்கு மாறிவிட்டதாகவும் குளிர் பழகிவிட்டதாகவும் எழுதியிருந்தார். சுகம் என்றுதான் அவற்றின் கடைசி வசனமும். காசு மட்டும் ஒரு மாதமும் தவறவில்லை. வட்டிக்கு எடுத்து அனுப்பியிருக்கிறார். கட்டி முடித்தது 1996இல். அப்பாவின் உயிருக்கு உதவாமல் மெத்தைக்குக் கீழே கிடந்த தாள்களுக்கு அவர் மூன்று வருஷம் வட்டி கட்டியிருக்கிறார்.

இரண்டு பக்கமும் 13.6. இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தொடர்பு என்பதை ஒரு நன்மையாகவே எழுதிவந்திருக்கிறோம். பிரிவைப் பற்றியும் அறுந்த கம்பிகளைப் பற்றியும் நம்மிடம் எழுத்துக் குறைவில்லை; நானும் என் பங்கை எழுதியிருக்கிறேன். ஆனால் அறாத கம்பியொன்று இரண்டு நுனியிலும் உள்ளவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துவைக்க முடியும் என்பது எனக்கு அந்த இரவில்தான் பட்டது. கம்பி வேண்டாம் என்பதல்ல. அந்தக் காசில்தான் தங்கை படித்தாள், அம்மா கண் வெட்டினா, 1995இல் இடம்பெயர்ந்து போய்த் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை வந்தது. அது நின்றிருந்தால் நாங்களும் நின்றிருப்போம். ஆனாலும் முப்பத்தெட்டு வருஷத்தில் ஆறு மணித்தியாலம், கொடுக்காமலும் எடுக்காமலும் எதிரெதிரே இருப்பதற்கு, ஒரு பற்றறி சாகவேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு அண்ணர் மீற்றரை எடுத்தார். கைவிரல்கள் குளிரில் மடங்கவில்லை. மீன் ஆலைக் காலத்திலிருந்தே அவை முழுதாக மடங்குவதில்லை. சிவப்பு முள்ளை ஒன்றில், கறுப்பு முள்ளை மற்றதில். முதல் பற்றறி 12.6. இரண்டாவது 10.5. ஓர் அறை முழுதாகச் செத்திருக்கிறது, 2.1 குறைகிறது. அது எப்போது செத்ததென்று சொல்லமுடியாது. ஒரு வருஷமாகவும் இருக்கலாம். கம்பி இருந்தவரைக்கும் அது மறைந்திருந்தது. கம்பி இல்லாத இடத்தில் நல்லது தன்னிடம் இருந்ததை எல்லாம் கெட்டதற்குள் ஊற்றிவிட்டுத் தானும் நின்றுவிட்டது. நேற்றிரவு தடவிப் பார்த்தபோது ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்ததை அவர் உணர்ந்திருக்கிறார். நம்ப மனம் வரவில்லையாம்.

செத்ததைத் தூக்கி வெளியே வைத்தோம். ஈயத்தின் பாரம். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஒஸ்லோ திரும்பியதும் லித்தியத்துக்கு மாறலாமா என்று பேசினோம். பாரம் குறைவு, ஆழமாக இறக்கினாலும் தாங்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது. உள்ளே உலோகமாகப் படிந்து கெட்டுவிடும். குளிரில் அதற்கென்று தனியாக ஒரு சூடாக்கி வேண்டும். ‘எல்லாத்துக்கும் ஒரு வருத்தம்’ என்றார் அண்ணர்.

ஒற்றைப் பற்றறியோடு மூன்று நாள் அந்தக் கரையோரம் திரிந்தோம். கம்பியைத் தேடவில்லை. கணக்கு எளிதாக இருந்தது. 95இல் பாதி, நாளொன்றுக்கு நாற்பத்தைந்து ஆம்பியர் மணி. அதில் குளிர்ப்பெட்டிக்கு முப்பது. மிச்சத்தில் விளக்கு, தண்ணீர்ப் பம்பு, ஹீற்றரின் விசிறி. வெயில் நன்றாக எறித்த ஒரு நாள் தகடு ஐம்பதுக்கு மேல் கொண்டுவந்தது; மப்பு நாளில் பதினைந்து. மப்பென்றால் குளிர்ப்பெட்டியை அணைத்துவிட்டுச் சாமான்களை வெளியே வைத்தோம். திரையின் எண்ணுக்கு மேல் அண்ணர் ஒரு துண்டு ரேப்பை ஒட்டியிருந்தார்.

அவர் வேலைசெய்த ஆலையையும் பார்த்தோம். பூட்டிக் கிடந்தது. ஜன்னல் விளிம்பெங்கும் கடற்பறவைகள். அண்ணர் இறங்கவில்லை.

கடைசி நாள் காலை நான் முன்னே எழும்பினேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எல்லாவற்றையும் இரவே கழற்றி வைத்திருந்தோம். இப்போது அது பழக்கமாகிவிட்டது. மீற்றரை எடுத்து முட்களை வைத்தேன்.

‘எவ்வளவு?’ என்றார் திரும்பாமலே.

‘12.4.’

கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தார்.

‘காணும்’ என்றார்.